இரண்டாவது ஃபில்டர்

அக்கா இன்றைய பொழுதைத் தாண்ட மாட்டாள் என்று நர்ஸ் சொன்னதை மாமா இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. முதலில் பெரியவனுக்குப் போன் போட்டார். அதை வைத்துவிட்டு, அதே வார்த்தைகளைச் சின்னவனுக்குச் சொன்னார். தம்பி வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர்தான். அண்ணன் "சொல்லுங்க மாமா" என்றது சின்னவனுக்குத் தெளிவாகக் கேட்டது. அடுத்தது தன் போன்தான் என்று தெரிந்து, அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு பேரும் ஒண்ணா வரணுமாம்" என்றார் மாமா. "தனித்தனியா வந்தா கதவைத் திறக்காதேன்னு எனக்கு உத்தரவு. மூச்சு வாங்குது, வாய் மட்டும் குறையல உங்க அக்காவுக்கு."

"வர்றோம் மாமா."

"தரைப்பாலத்துல தொடையளவு தண்ணி ஓடுது. பைக்கை எடுத்துக்கிட்டு வந்து நிக்காதீங்க. டிராக்டர்லதான் வர முடியும்."

டிராக்டர் என்ற வார்த்தையைக் கேட்டதும் சின்னவன் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். வண்டியை நேற்று சாயங்காலம் கடைசியாகத் தொட்டவன் அவன்தான்.

அப்பா போனபிறகு நிலத்தைப் பிரித்தார்கள், வீட்டைப் பிரித்தார்கள், கிணற்றுக்கு முறை வைத்தார்கள். டிராக்டரை மட்டும் பிரிக்க முடியவில்லை. பாகம் பிரித்த அன்று பத்துப் பேர் முன்னால் பெரியவன் ஒரு வார்த்தை விட்டான்: "என் டீசல்லதானேடா உன் நிலம் இத்தனை நாளா உழவு கண்டுச்சு." அவ்வளவுதான். அன்று சாயங்காலமே சின்னவன் டேங்க்கில் இருந்த டீசலை ஒரு கேனில் இறக்கி, அண்ணன் வாசற்படியில் கொண்டுபோய் வைத்தான். இரண்டு நாள் கழித்து அவன் வாசற்படியிலும் ஒரு கேன் இருந்தது. பேச்சு நின்றுபோயிற்று. இந்த வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

திங்கள் முதல் புதன்வரை வண்டி பெரியவனுக்கு. வியாழன் முதல் சனிவரை சின்னவனுக்கு. ஞாயிறு யாருக்கும் இல்லை. தன் முறை முடிந்ததும் மிச்சமிருக்கும் டீசலை ஒரு சொட்டுப் பாக்கியில்லாமல் இறக்கிவிட்டுத்தான் சாவியைக் கொட்டகை ஆணியில் மாட்டுவார்கள். என்னுடையதில் நீ ஓட்ட வேண்டாம், உன்னுடையதில் நான் ஓட்டவில்லை. ஆறு வருஷமாக இதே கூத்து.

டீசல் வண்டி பெட்ரோல் வண்டி மாதிரி இல்லை. ஒருமுறை வறண்டுவிட்டால், மறுபடி டேங்க்கை நிரப்பினாலும் கிளம்பாது. குழாய்க்குள் காற்று புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அதை ஃபில்டரிலிருந்து பம்ப்புக்கு, பம்ப்பிலிருந்து எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்கு என்று படிப்படியாகத் துரத்தி வெளியே தள்ள வேண்டும். இவர்கள் வாரத்துக்கு இரண்டு தடவை அதைச் செய்தார்கள். சுற்றுவட்டாரத்தில் யாருடைய வண்டியாவது டீசல் தீர்ந்து நின்றுவிட்டால் மெக்கானிக்கைத் தேடுவதில்லை, இவர்களில் ஒருவனைத்தான் கூப்பிடுவார்கள். வீம்புக்குப் பழகினாலும் தொழில் தொழில்தானே.

அக்கா மட்டும்தான் இதை ஒத்துக்கொள்ளவில்லை. வந்தால் எந்த வீட்டிலும் சாப்பிட மாட்டாள். இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டு, இந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர், அந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பாள். "என் வயித்துலயாவது ரெண்டும் கலக்கட்டும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போவாள். படுக்கையில் விழுந்த பிறகு, பெரியவன் தன் முறை நாளில் போய்ப் பார்த்தான், சின்னவன் தன் முறை நாளில் போய்ப் பார்த்தான். சின்னவன் மனைவி நான்கு நாள் முன்பு துணைக்குப் போனவள், தண்ணீர் ஏறியதால் அங்கேயே தங்கிவிட்டாள்.

சின்னவன் கேனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தபோது பெரியவன் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தான். அவன் கையிலும் ஒரு கேன். பின்னால் அண்ணி, குடையோடு.

பெரியவன் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். காய்ந்து கிடந்தது. குனிந்து ஃபில்டர்களைத் தட்டினான். இரண்டு கிண்ணமும் வெற்றுச் சத்தம் கொடுத்தன. டேங்க்கோடு நிறுத்தாமல் ஃபில்டர் அடித்திருகையும் திறந்து வடித்துவிடுவது சின்னவனின் தனிக் கைங்கரியம். இன்றைக்குப் பார்த்து அதையும் செய்து வைத்திருந்தான்.

"நல்லா வழிச்சு நக்கி வச்சிருக்கான்" என்றான் பெரியவன், தன் மனைவியைப் பார்த்து. "அவன் கேன்ல எவ்வளவு இருக்குன்னு கேளு."

"அஞ்சு லிட்டர் அண்ணி."

"நம்மகிட்ட நாலு" என்றாள் அண்ணி, இருவருக்கும் பொதுவாக.

ஐந்து லிட்டரில் சமமான பாதையில் போய்விடலாம். ஆனால் டேங்க்கின் குழாய் அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் நிற்கிறது. தரைப்பாலத்துச் சரிவில் வண்டி சாய்ந்தால் டீசல் ஒரு மூலைக்கு ஓடிவிடும், குழாய் காற்றைக் குடிக்கும். இரண்டு கேனையும் ஊற்றினால்தான் ஆகும். அது இருவருக்கும் தெரியும். பெரியவன் முதலில் ஊற்றினான். சின்னவன் அதன்மேல் ஊற்றினான்.

பிறகு வேலை. சின்னவன் முதல் ஃபில்டரின் தலையில் இருந்த ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அடிக்க ஆரம்பித்தான். திருகின் ஓரமாக நுரை பொங்கியது. அண்ணி குடையை அதன்மேல் பிடித்தாள். மழைத்தண்ணீர் உள்ளே போனால் அது வேறு தலைவலி. நூறு அடி அடித்த பிறகு நுரை அடங்கி, சுத்தமான டீசல் வழிந்தது. முறுக்கினான். இரண்டாவது ஃபில்டரின் ஸ்க்ரூவைத் தளர்த்தினான். மறுபடி அடித்தான். நுரை நிற்க ரொம்ப நேரமாயிற்று. கடைசியில் நின்றது. அந்த ஸ்க்ரூவை விரலால் மட்டும் திருகி வைத்தான்.

அது அவன் பழக்கம். தனியாக வேலை செய்கிறவனுக்கு, வண்டி கிளம்பினபிறகு ஒருமுறை தளர்த்திப் பார்த்து, மிச்சக் காற்றையும் விட்டுவிட்டு, அப்புறம் ஸ்பேனரைப் போட்டு இறுக்குவதுதான் சுலபம்.

பம்ப்பில் காற்று எடுத்தான். மூன்று நாசில் குழாயின் நட்டுகளையும் அரைச்சுற்றுத் தளர்த்தினான். பெரியவன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"அண்ணி, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க."

"அடிங்க" என்றாள் அண்ணி.

எஞ்சின் உறுமிச் சுற்றியது. முதல் நட்டில் எச்சில் மாதிரி டீசல் தெறித்தது.

"போதும், நிறுத்தச் சொல்லுங்க!"

"நிறுத்துங்க!" என்று அவள் சொல்லி, அவன் கேட்டு, கையை எடுப்பதற்குள் பேட்டரி நான்கு விநாடி வீணாயிற்று.

"பேட்டரி போயிரும், சீக்கிரம் சொல்லச் சொல்லு."

"ஆமா, நான் ஒரு டெலிபோன் கம்பி" என்றாள் அண்ணி. "அங்க ஒரு உசிரு ஊசலாடுது. இங்க ரெண்டு எருமைக்கு நடுவுல நான் மொழிபெயர்த்துக்கிட்டு நிக்கறேன். வாய்ல என்ன கொழுக்கட்டையா? நேரா சொன்னா கிரீடம் இறங்கிடுமா?"

இருவரும் காதில் வாங்கவில்லை. ஒருவேளை வாங்கியிருப்பார்கள். ஆறு வருஷத்து மௌனத்தை யார் முதலில் உடைத்தாலும் அவன் தோற்றவன். செத்துக்கொண்டிருப்பது அக்காவே ஆனாலும் அந்தக் கணக்கு மாறவில்லை. அதுதான் அந்தக் குடும்பத்தின் லட்சணம்.

இரண்டாவது தடவை அடித்ததில் மூன்று நட்டிலும் டீசல் பீய்ச்சியது. சின்னவன் ஒவ்வொன்றாக முறுக்கினான். மூன்றாவது முறை எஞ்சின் இருமி, வெள்ளைப் புகை கக்கி, தடதடவென்று பிடித்துக்கொண்டது. அண்ணி குடையை விட்டுவிட்டுக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியவன் ஸ்பேனருடன் இறங்கி வந்தான். ஆளுக்கொரு ஸ்பேனர் உண்டு, அதிலும் கலப்பில்லை. ஃபில்டர் இருந்த பக்கமாக வந்து குனிந்தான். அண்ணன் இரண்டாவது ஸ்க்ரூவை முறுக்கத்தான் வருகிறான் என்று சின்னவன் நினைத்து, விலகி, சிதறிக் கிடந்த சாமான்களைப் பொறுக்கப் போனான். பெரியவன் முறுக்கியது முதல் ஃபில்டரை. அது சரியாகத்தான் இருந்தது, இன்னும் ஒரு இழுப்பு இழுத்தான். தம்பி கைபட்ட இடத்தில் அவனுக்கு எப்போதும் ஒரு சந்தேகம். இரண்டாவதைப் பார்த்தான். திருகு உட்கார்ந்திருந்தது. இறுக்கியிருப்பான் என்று நினைத்தான்.

முறுக்கிட்டியா என்று ஒரு வார்த்தை. இவன் கேட்டிருக்கலாம், அவனும் கேட்டிருக்கலாம். கேட்டால் பேசினதாகிவிடும்.

"போனை எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க, தண்ணியில விழுந்துரும்" என்று அண்ணி கையை நீட்டினாள். இருவரும் கொடுத்தார்கள். பெரியவன் ஓட்டினான். சின்னவன் மட்காடில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

பெரியவன் இவ்வளவு வேகமாக ஓட்டி அவன் பார்த்ததில்லை. பள்ளம் மேடு பார்க்கவில்லை. வண்டி குலுங்கிய குலுக்கலில் பல்லோடு பல் மோதியது. மழை முகத்தில் மணல் மாதிரி அறைந்தது. ஃபில்டர் பக்கம் எது மழை, எது டீசல் என்று யாருக்குத் தெரியும்?

கடைசி மேட்டில் ஏறும்போது அக்கரை தெரிந்தது. ஆறு சேற்று நிறத்தில் பரந்து போயிற்று. அதற்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், அக்கா வீட்டு ஓடு. வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. சின்னவன் எழுந்து நின்று கையை ஆட்டினான்.

அப்போதுதான் எஞ்சின் சத்தம் ஏறி இறங்கியது. மூச்சுத் திணறுகிறவன் மாதிரி இரண்டு முறை இழுத்தது. நின்றுவிட்டது.

மழைச் சத்தமும் ஆற்றுச் சத்தமும் மட்டும் மிச்சம். பெரியவன் செல்ஃப் அடித்தான். சுற்றியது, பிடிக்கவில்லை. சின்னவன் குதித்து இறங்கினான். இரண்டாவது ஃபில்டரின் தலையில் திருகு சாய்ந்து, கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபில்டர் முழுக்க டீசல் வழிந்திருந்தது. திருகுக்கு அடியில் இருக்க வேண்டிய செம்பு வாஷரைக் காணோம்.

பெரியவன் பின்னால் வந்து நின்று பார்த்தான்.

"முறுக்கலையா?" என்றான்.

யாரிடம் கேட்கிறான் என்று சின்னவன் திரும்பிப் பார்த்தான். அண்ணி இல்லை. வேறு யாரும் இல்லை.

"நீ முறுக்கினேன்னு நெனச்சேன்."

"நான் நீன்னு நெனச்சேன்."

வாஷரைத் தேடினார்கள். வந்த வழியில் முழங்காலிட்டுச் சேற்றைத் துழாவினார்கள். சட்டைப்பையைத் தட்டிப் பார்த்த சின்னவனுக்குப் போன் வீட்டில் இருப்பது நினைவுக்கு வந்தது. வண்டியிலிருந்து இறங்கியதும் மேட்டு உச்சி மறைத்ததால் அக்கா வீடும் இப்போது தெரியவில்லை. "ஒருத்தன் ஓடிப்போய்ச் சொல்லலாமா?" என்றான். பெரியவன் ஆற்றுப் பக்கம் தலையாட்டினான். "கால் வச்சா இழுத்துட்டுப் போயிரும், கத்தினாலும் ஆத்துச் சத்தத்துல கேக்காது. வேலையைப் பாரு."

வாஷர் கிடைக்கவில்லை. பெரியவன் ஹாரன் ஒயரைப் பிடுங்கி, பல்லால் தோலை உரித்து, உள்ளே இருந்த செம்பு இழைகளைத் திருகின் கழுத்தில் சுற்றினான். முதல் தடவை இழை சரியாக உட்காரவில்லை. அவிழ்த்தான். மறுபடி சுற்றினான்.

"குடு, நான் சுத்தறேன்" என்றான் சின்னவன். கொடுத்தான்.

அப்புறம் இருவரும் வேலை செய்த வேகத்தைப் பார்க்க ஆள் இல்லை. "அடி." "போதும்." "மூணாவது வருது." "முறுக்கிட்டேன்." "ரெண்டையும்?" "ரெண்டையும்." கொட்டகையில் அரைமணி பிடித்த வேலை இங்கே பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஆனால் வாஷரைத் தேடியதிலேயே இருபத்தைந்து நிமிஷம் போய்விட்டிருந்தது. பேட்டரியும் தீர்ந்துவிட்டது. செல்ஃப் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் செத்தது.

"மேட்டு உச்சி இருபதடிதான்" என்றான் பெரியவன். "தாண்டிட்டா பள்ளம். உருட்டிப் பிடிச்சுரலாம்."

தள்ளினார்கள். இரண்டு டன் இரும்பை ஐம்பது தாண்டிய இரண்டு பேர், சேற்றில். நான்கு விரல் நகரும், சின்னவன் சக்கரத்துக்கு அடியில் கல்லைப் போடுவான், மறுபடி தள்ளுவார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று சின்னவனுக்குத் தோன்றியது. உச்சி தாண்டியதும் பெரியவன் பாய்ந்து ஏறினான். வண்டி ஆற்றை நோக்கி உருண்டது. கியரில் விழுந்தது. ஒரு குலுக்கு. தண்ணீருக்கு இருபது முழம் இருக்கும்போது எஞ்சின் பிடித்தது.

சின்னவன் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டான். தண்ணீர் முன்சக்கரத்தை முழுக்க மறைத்தது. வண்டி ஒருமுறை பக்கவாட்டில் நழுவியபோது பெரியவன் "பிடிச்சுக்கோடா" என்று கத்தினான். பிடித்துக்கொண்டான்.

வாசலில் சின்னவன் மனைவி நின்றிருந்தாள். கையில் சீப்பு. அவள் முகத்தைப் பார்த்ததுமே இருவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் வண்டியிலிருந்து இறங்கி, காலில் இருந்த சேற்றை வாசல் கல்லில் வழித்தார்கள். அந்த நேரத்தில் செய்ய வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"எப்ப?" என்றான் பெரியவன்.

"இப்பதான். பத்து நிமிஷம் இருக்கும்."

உள்ளே மாமா கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். அக்கா சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைமுடி அவிழ்ந்து தலையணையில் கிடந்தது.

"கேட்டாங்களா எங்களை?" என்றான் சின்னவன்.

அவன் மனைவி கையிலிருந்த சீப்பைப் பார்த்தாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். பொய் சொல்லத் தெரிந்தவளில்லை.

"வண்டிச் சத்தம் மொதல்ல அவங்களுக்குத்தான் கேட்டுச்சு. எனக்கே கேக்கல. வந்துட்டானுங்க, ரெண்டு பேரும்தான்னாங்க. தலையை வாரி விடு, பிசாசு மாதிரி கிடந்தா பயந்துருவானுங்கன்னு சிரிச்சாங்க. நான் சீப்பு எடுத்துட்டு வர்றதுக்குள்ள சத்தம் நின்னுபோச்சு."

"வண்டி நின்னுருச்சு" என்றான் பெரியவன். "ஏர் புடிச்சிருச்சு."

"நானும் அப்படித்தான் சொன்னேன். வண்டிக்கு என்னமோ ஆயிருக்கும்க்கா, இப்ப வந்துருவாங்கன்னேன். இல்லடி, வழியிலேயே சண்டை, திரும்பிட்டானுங்கன்னாங்க. நான் எவ்வளவோ சொன்னேன். அரைமணி நேரம் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் போதும்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாங்க."

வாசலில் வண்டி தடதடத்துக்கொண்டிருந்தது. பேட்டரி செத்த வண்டி என்பதால் இருவருமே பழக்கதோஷத்தில் அதை ஓடவிட்டு வந்திருந்தார்கள். அந்தச் சத்தத்தில் அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்து, மூக்கைச் சிந்தி, "போறது போனாலும் அண்ணன் தம்பியைச் சேர்த்து வச்சுட்டுப் போயிட்டா மகராசி" என்றாள்.

பெரியவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "அவ அதைப் பார்க்கலையேம்மா" என்றான்.

மாமா தலையை நிமிர்த்தவில்லை. "அந்தச் சனியனை நிறுத்துங்கடா" என்றார்.

சின்னவன் வெளியே போனான். பெரியவனும் கூடவே வந்தான்.

"நிறுத்தினா திரும்ப எடுக்காது" என்றான் பெரியவன்.

"தெரியும்."

சின்னவன் எஞ்சினை நிறுத்தும் கம்பியை இழுத்தான். எஞ்சின் ஒருமுறை தலையை உதறிவிட்டு அடங்கியது. உள்ளேயிருந்து மாமா அழுவது இப்போதுதான் கேட்டது. அவர் அழுது அவர்கள் கேட்டதில்லை.

திரும்பி வந்தபோது அவன் மனைவி கட்டிலருகே சீப்போடு நின்றிருந்தாள். "இப்படிச் சுவத்தைப் பாத்துக் கிடந்தா வார முடியாது" என்றாள். "உடம்பு விறைக்கறதுக்குள்ள திருப்பணும். எனக்குத் தனியா ஆகல."

பெரியவன் தலைமாட்டுக்குப் போனான். சின்னவன் இடுப்புப் பக்கம் குனிந்தான். அக்கா உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

"தோளை நான் பிடிச்சுக்கறேன்" என்றான் பெரியவன். "நான் சொன்னதும் திருப்பு."

"பிடிச்சுட்டியா?"

"பிடிச்சுட்டேன். நீ?"

"பிடிச்சுட்டேன்."

"மெதுவா" என்றான் பெரியவன். "கழுத்து பாத்து."